ராணியை வெட்ட மறுத்த அப்பா

அன்புள்ள சின்னு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய மூன்று சதுரங்க மென்பொருள்களில் எது உருப்படி என்று பார்த்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன், அதனால்தான் தாமதம். மேல்வீட்டுப் பல் டாக்டரிடம் எல்லார் முன்னாலும் தோற்றதிலிருந்து அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போவதில்லை என்று சொல்லியிருந்தேன் அல்லவா, ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுதுபார்க்கிற மனிதர், டாக்டர் எதிரே வந்துவிடுவாரோ என்று நம் கட்டடத்தில் மட்டும் படியேறிக்கொண்டிருந்தார். கணினி முன்னால் உட்கார்ந்தால் இன்னும் ஒதுங்கிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

முதல் மென்பொருள் பெரிய பலசாலி, பேசாமல் அடித்துப் போட்டது. "இதுகிட்ட அடி வாங்கத்தான் கத்துக்கலாம்" என்று மூடிவிட்டார். இரண்டாவதில் பலத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஒழுங்காக ஆடிக்கொண்டே வந்து திடீரென்று ராணியைச் சும்மா கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்பா வெட்டவில்லை. "பாவம்னு விட்டுக் குடுக்குது, அந்தத் தர்மம் எனக்கு வேணாம்" என்று ஒரு சிப்பாயை நகர்த்தினார், அதே ராணி வந்து அவரை முடித்துவிட்டது. நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்தேன், ஆனால் அந்த ரோஷம் எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவதில், ஜெயித்தால் திரையில் நட்சத்திரமும் கைதட்டலும் கிடையாது. நாம் ஆடிய ஆட்டத்தை ஏற்றினால், தவறிய இடத்தில் நிறுத்தி, வேறென்ன செய்திருக்கலாம் என்று நம்மையே கேட்கிறது. டாக்டரிடம் தோற்ற ஆட்டத்தை அப்பா நினைவிலிருந்தே முழுக்க ஏற்றினார், அவ்வளவு வலித்திருக்கிறது. ராணியை அவசரப்பட்டு வெளியே விடுகிறார், குதிரைகள் இரண்டும் லாயத்திலேயே நிற்கின்றன, அதுதான் கோளாறு. விளம்பரம் எதையும் நம்பாதவள் நான், இருந்தாலும் சொல்கிறேன், நீ யோசித்துத்தான் அனுப்பியிருக்கிறாய்.

போன ஞாயிறு அவராகவே மேலே ஆட்டத்துக்குப் போனார். திரும்பும்போது டாக்டரும் கூடவே லிஃப்டில் இறங்கி வந்தார், வாசலிலும் குதிரையைப் பற்றிய வாக்குவாதம் ஓயவில்லை. "உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு என்னை வேர்க்க வச்சிட்டாருங்க" என்றார். கதவைச் சாத்தியதும் அப்பா என்னிடம் "தோத்துட்டேன், ஆனா எங்கேன்னு தெரியும்" என்றார், பிறகு பசிக்கிறது என்றார்.

கண் விழித்து வேலை பார்க்காதே. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, போன் செய்யும்போது அப்பாவிடம் ஜெயித்தீர்களா என்று கேட்காதே, எங்கே தோற்றீர்கள் என்று கேள், சந்தோஷமாகச் சொல்லுவார்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா