எலும்புகளுக்கு மேல் ஒரு கல்லூரி

சீமெந்தின் ஈரவாசம் இன்னும் என் சேலையில் இருக்கிறது. இன்று காலை நம் கல்லூரியில் ஒரு நினைவுக்கல் திறந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து படகில் வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துபோகிற வழியில் செத்துப்போன கூலிச் சனங்களுக்கான கல். ஓய்வுபெற்ற ஆசிரியை என்று எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். நான் என்னோடு இங்கே படிப்பித்த உன் பெயரைத் தேடினேன். கல்லில் இல்லை. பேச்சிலும் இல்லை.

நீ இங்கே இருந்தபோது, போரில் விமானங்கள் குண்டு போடத் தொடங்கியிருந்தன. பிள்ளைகள் பதுங்குவதற்குப் பங்கர் குழி வெட்டப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால், பாலைமரத்தடியில், இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி ஒரு மண்டையோட்டில் பட்டது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு குழந்தையின் பித்தளைக் காப்பு, உள்ளே கையெலும்போடு. நீ குழிக்குள் இறங்கி, அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றாய்.

அதிபர் வந்து எட்டிப் பார்த்தார். "பழைய சவக்காலையாக்கும். மூடிப்போட்டு அங்கால வெட்டுங்கோ."

"சவக்கால இல்ல சார். பெட்டி இல்ல, சிலுவ இல்ல, ஒருத்தர் மேல ஒருத்தரா போட்டிருக்காங்க. இது எங்க ஆளுங்க" என்றாய்.

அந்தத் தோட்டக் கூலிகளின் வழியில் வந்து, மலைநாட்டுக் கலவரத்தில் வீடு எரிக்கப்பட்டுத் துரத்தப்பட்டு, இந்தப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம் உன்னுடையது. உன் பேச்சைக் கேட்டு ஆசிரியர் அறையில் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். 'தோட்டக்காட்டு ரீச்சர்' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களையும் தெரியும். கல்லூரியைக் கட்டிய வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு அரசாங்கம் கொடுத்தது வெறுங்காடு என்றே நிறுவுனர் நாளில் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். வெறுங்காடாம்! பேதியிலும் பசியிலும் விழுந்த சனத்தை வாரிப் போட்டு மூடிய நிலம் அது.

முறையாக அடக்கம் செய்து ஒரு கல் வைக்கவேண்டும் என்று நீ அதிபரிடம் கேட்டாய்.

"சண்டை நடக்குது ரீச்சர். செத்து நூறு வருசமான எலும்புக்கு இப்ப என்ன அவசரம்?"

"ஒங்க பாதிரியாரும் செத்து நூறு வருசம்தான் சார். அவருக்கு மட்டும் வருசா வருசம் மால போடுறீங்களே?"

அவர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். மறுநாள் உன் ஊர் ஆண்கள் சைக்கிள்களில் வந்தார்கள். எலும்புகளைப் புதுத் துணியில் எடுத்து, வேலியோரமாக அடக்கம் செய்தார்கள். அந்த மாதமே, கல்லூரியின் பெயரைக் கெடுத்தவள் என்று உன்னை இலுப்பைக்கடவைப் பக்கத்துக் கொட்டில் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தூக்கி எறிந்தார்கள். அங்கிருந்துதான் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்தாய். வழியில் ஷெல் விழுந்தது. உன்னை எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை யாராலும் எனக்குக் காட்டமுடியவில்லை.

இன்றைய அதிபர் வேறு ஆள். "எமது கல்லூரி தன் கடந்தகாலத்தை நேர்மையோடு திரும்பிப் பார்க்கிறது" என்றார். கைதட்டினார்கள். பூத்தட்டு ஏந்த உங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் இருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். ஒருத்தியின் தாய் என் பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னாள்: "ஹொஸ்டல்ல சேக்கச் சொல்லி கேட்டோம் டீச்சர். எடமில்லன்னுட்டாங்க. பூ தூக்க மட்டும் வேன் அனுப்பினாங்க."

என்னால் இருக்கமுடியவில்லை. எழும்பி, முதலில் உன் பெயரைச் சொன்னேன், கடைசி வரிசைவரை கேட்கும்படி. பிறகு, "இந்தப் பிள்ளையளுக்கு விடுதியில இடம் இருக்கோ, இல்லையோ?" என்று கேட்டேன்.

"மிஸ், அதைப் பிறகு கதைப்பம்" என்றார் அதிபர்.

"எப்ப?"

பாண்ட் வாத்தியத்தை வாசிக்கச் சொன்னார்கள்.

நீ மாற்றலாகிப் போன அன்று, பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னாய்: "கல்லு வைக்கட்டும், வேணாங்கல. மொதல்ல எங்க புள்ளைங்கள பக்கத்துல ஒக்கார வைக்கட்டும்." இத்தனை வருடமாக நான் சுமப்பது அதைத்தான்.

நாளை திங்கட்கிழமை. அந்தத் தாயோடு அதிபரின் கந்தோர் அறைக்குப் போகிறேன். இடம் தரும்வரை எழும்பமாட்டேன்.