பெயர் வெட்டாத டம்ளர்

துரைசாணியம்மா,

எங்கள் வீட்டிலிருந்து நீங்கள் கொண்டுபோன டம்ளர் திரும்பி வந்துவிட்டது. போன வாரம் திருப்பதியில் என் பிளாட்டுக்குக் கூரியரில் வந்தது. பழைய துணியொன்றில் பொதிந்திருந்தது. விளிம்பு தேய்ந்திருக்கிறது, அடியில் சின்னதாக ஒரு நசுங்கல். மூக்கருகே கொண்டுபோனேன். எவர்சில்வருக்கு என்ன வாசனை இருக்கப்போகிறது? ஆனாலும் உங்கள் மருந்துப் பையின் டெட்டால் நெடி அடித்தமாதிரி இருந்தது.

அன்று மாலையே அதை அனுப்பிய உங்கள் தங்கை மகள் போனில் பேசினாள். நீங்கள் நல்லபடியாகத் தூக்கத்திலேயே போனீர்களாம். உங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த டம்ளரில்தான் தண்ணீர் கொடுப்பீர்களாம். "இந்தியாவில் ஒரு குடும்பம் பெரியம்மாவுக்கென்றே தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்ததாமே! எவ்வளவு பிரியம்!" என்றாள். நான் "யெஸ்" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. போனை வைத்த பிறகும் காது சுட்டுக்கொண்டிருந்தது.

நகரி பக்கத்தில் எங்கள் ஊருக்கு நீங்கள் முதலில் வந்தது நைனாவின், என் அப்பாவின், காலுக்காக. ஏர் குத்திய புண் சீழ் பிடித்து, காலையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடல் கடந்து வந்த வெள்ளைக்கார நர்ஸம்மா, லூனா வண்டியில் புழுதி பறக்க வாரா வாரம் வந்து, தரையில் உட்கார்ந்து, அந்த நாற்றத்தைக் கழுவிக் கட்டுப் போட்டீர்கள். உங்கள் தமிழும் எங்கள் ஊர்த் தமிழாகவே இருந்தது. "இன்னா நைனா, மாத்திரை துன்னியா, இல்ல மாட்டுக்குப் போட்டியா?" என்று நீங்கள் அதட்டினால், ஊரையே அதட்டும் என் நைனா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையாட்டுவார். கட்டுப் போட்டு முடித்ததும் கண்ணை மூடி உதடசைத்து ஜெபிப்பீர்கள். "உன் சாமிக்கு என் கால் மேல இன்னாம்மா அக்கறை?" என்று கேட்டார் ஒருநாள். "அவருக்கும் கால்ல ஆணி அடிச்சாங்க நைனா, வலி தெரியும்" என்றீர்கள்.

அந்தக் கால்தான் மேலும் இருபது வருஷம் எங்கள் கழனியில் நடந்தது.

இப்படிப்பட்ட உங்களுக்குத்தான் நாங்கள் தனி டம்ளர் வைத்தோம். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் என் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும், கரண்டியில் கூட. அந்த ஒரு டம்ளரில் மட்டும் இல்லை. அது மாட்டுக்கொட்டகைச் சுவர் மாடத்தில், வீட்டுப் பாத்திரத்தோடு சேராமல் இருக்கும். நீங்கள் எதையும் தின்பவர், யாரையும் தொடுபவர் என்பது என் அம்மாவின் கணக்கு. காபி ஊற்றுவது என் வேலை. காபிச் செம்பு அந்த டம்ளரில் படாமல் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். சிந்தாமல் ஊற்றுகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு! குடித்ததும் நீங்களே தொட்டியில் கழுவி மாடத்தில் கவிழ்த்துவிட்டுப் போவீர்கள். என் அம்மா அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளிப்பாள்.

உங்களுக்குத் தெரியாது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். உங்கள் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு சேரியிலிருந்து ரூத்தம்மா வருவார். அவருக்கு டம்ளரே கிடையாது. குனிந்து கையேந்த வேண்டும், என் அம்மா மேலிருந்து ஊற்றுவாள். ஒருநாள் ரூத்தம்மா கையேந்தப் போனபோது உங்கள் டம்ளரை நீட்டினீர்கள். "இந்தா ரூத்து, இதுல குடி. நம்ம ரெண்டு பேருக்கும் இது போதும்." என் அம்மா உயரத்திலிருந்தே அதில் ஊற்றினாள். நீங்கள் போன பிறகுதான், "அவங்களே கலந்துக்கினாங்க, நமக்கு ஒரு வேலை மிச்சம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், துரைசாணியம்மா.

சொந்த நாட்டுக்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வந்த அன்று அந்த டம்ளரைக் கேட்டீர்கள். என் அம்மா பதறிப்போனாள். "அய்யே, அது எதுக்கும்மா? புதுசா ஒண்ணு வாங்கி, உங்க பேரு வெட்டிக்கினு வந்து தர்றேன்."

"வாணாம்மா. இந்த வீட்ல பேரு இல்லாதது இது ஒண்ணுதான். நான் எடுத்துக்கினு போயிடறேன். இனிமே இங்க இது வாணாம், இல்ல?"

கோபமே இல்லாமல் சொன்னீர்கள். அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது. நீங்கள் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, மாடத்தில் வேறொரு டம்ளர் வந்து உட்கார்ந்தது.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன், திருப்பதிக்கு வந்தேன். பிளாட்டில் மாடம் ஏது? வேலைக்கு வரும் கங்கம்மாவுக்கு, கேஸ் கொண்டுவருபவருக்கு, குழாய் ரிப்பேர்காரருக்கெல்லாம் பேப்பர் கப். கேட்டால் சுத்தம், சுகாதாரம் என்று நாக்கூசாமல் சொல்வேன். என் அம்மா அறியாதவள், செய்ததை மறைக்கவும் தெரியாதவள். எனக்கு என்ன வந்தது?

டம்ளரை மேஜைமேல் வைத்திருந்தேன். ஏர்பேட்டிலிருந்து காலை பஸ்ஸில் வரும் கங்கம்மா துடைக்கும்போது அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எவருது அக்கா இது? பேரு லேதே?" யாருடையது, பெயர் இல்லையே என்று கேட்டாள். அடுக்களைக்குப் போய்க் காபி கலந்தேன். கை தானாகப் பேப்பர் கப் கட்டைப் பிரித்துவிட்டது. அதை அப்படியே போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து எங்கள் டம்ளர் ஒன்றில் ஊற்றி நீட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கப்பு ஆயிப்போயிந்தா அக்கா? தீர்ந்துபோச்சா?" என்றாள்.

குடித்து முடித்ததும் தேய்த்துக் கழுவி, பால்கனிச் சுவர் ஓரமாகத் தனியே கவிழ்த்துவிட்டுப் போனாள். நீங்கள் கவிழ்த்த மாதிரியே. அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் போய் அதை எடுத்துவந்து மற்ற டம்ளர்களோடு அலமாரியில் வைத்தேன். உங்களுடையதையும் அங்கேயே வைத்தேன். உங்கள் தங்கை மகளுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

எல்லாம் ஒன்றாய்த்தான் இருக்கின்றன. ஆனால் விடிந்ததும் எனக்குக் காபி ஊற்றப் போகையில், கங்கம்மா குடித்தது எது என்று என் கண் தேடுகிறது. டம்ளரை நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள், துரைசாணியம்மா. இந்தக் கண் என்னிடமேதான் இருக்கிறது.