பொட்டில்லாத காபிக்காரி

குவீன்ஸ்டவுன்
5.11.1962

தம்பி சேதுபதிக்கு அக்கா பூவம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உன் பேச்சுத்தானே ஊரெல்லாம். தியேட்டருக்குப் பேனர் எழுதினவன் இப்போது பொம்மைப் படங்களை நடக்கவைத்துக் கம்பெனி நடத்துகிறான் என்று மார்க்கெட்டில் ஆமினா பீவிகூடச் சொன்னாள்.

தீபாவளிக்குப் பேத்தி படத்துக்கு இழுத்துப்போனாள். இடைவேளையில் உன் காபித்தூள் விளம்பரம். கார்ட்டூன் பொம்பளை ஒருத்தி இடது காலைச் சாய்த்துச் சாய்த்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காபி கொண்டுவந்தாள். "பாட்டி, இது நீங்கதான் லா!" என்று பேத்தி கத்தினாள். நெற்றியைப் பார்த்தேன். பொட்டு இல்லை. நானேதான்.

பின்னால் ஒருத்தன், "நல்ல நாளும் அதுவுமா தாலியறுத்தவளைக் காட்டுறான் பாரு" என்றான்.

உன் மூத்தவள் சிவகாமி கல்யாணம் நினைவிருக்கிறதா? உன் அத்தான் போன மறு வருஷம். "அண்ணி, நீங்க சமையக்கட்டைப் பாத்துக்குங்க" என்றாள் உன் பெண்டாட்டி. நீ மாலையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாய். மணமேடைக்கு ஆகாதவள் காபி விற்க மட்டும் ஆவேனா? படத்தை நிறுத்து.

பூவம்மா

சிராங்கூன் ரோடு
12.11.1962

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த நடை உங்களுடையதுதான். ஓர் ஆள் நாலடி நடக்க நாற்பது ஐம்பது படம் வரையணும். கண்ணை மூடினால் எனக்கு வருகிற நடை அது ஒன்றுதான். அம்மா போன பிறகு எனக்குக் காபி கொண்டுவந்த கால் அதுதானே.

காபித்தூள் முதலாளி கோவிந்தசாமி நேற்று வந்து சத்தம் போட்டார். "பொட்டு வை, இல்லாட்டி அடுத்த வருஷ வேலையெல்லாம் வேற ஆளுக்கு." வர்ணம் தீட்டும் கமலா, கேமரா ரவூப் என்று எல்லாருக்கும் அதில்தான் சோறு. கமலா, "ஒரு புள்ளிதானே அண்ணே, ஒரே வாரத்துல எல்லாத்துக்கும் வச்சிடலாம்" என்கிறாள். அவள் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி வைத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் தொடமாட்டேன். பொட்டு வைக்கவா, படத்தை நிறுத்தவா?

தை மாதம் சின்னவள் கண்மணிக்குக் கல்யாணம். அவசியம் வரணும்.

தம்பி
சேதுபதி

குவீன்ஸ்டவுன்
20.11.1962

தம்பிக்கு,

பொட்டு வைக்காதே. ஐந்து வருஷமாக இல்லாததை உன் முதலாளிக்காக வைத்துக்கொள்ள மாட்டேன். நிறுத்தவும் வேண்டாம். கோபம் உன் மேல்தான், கமலா சோற்றின் மேல் இல்லை.

ஒன்று செய். இன்னொருத்தியை வரை. புதுப்பெண், நெற்றி நிறையப் பொட்டு, தலை நிறையப் பூ. அவள் என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுச் சிரிக்கட்டும். முதலாளி கத்தினால் வாயைத் திற. அன்றைக்கு மாதிரி வேறு பக்கம் பார்க்காதே.

கல்யாணத்துக்கு வருவதைப் பற்றிப் பிறகு.

பூவம்மா

சிராங்கூன் ரோடு
4.1.1963

அன்புள்ள அக்காவுக்கு,

வாயைத் திறந்தேன். "ஒருத்தி கொடுக்கிறா, ஒருத்தி வாங்குறா. ரெண்டு பேர் கையிலயும் இருக்கிறது உங்க காபிதான் முதலாளி" என்றேன். கத்தித் தீர்த்துவிட்டு, பாதி வேலையை எங்களுக்குத் தந்தார், பாதியை வேறு ஆளுக்குக் கொடுத்தார். நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஜூரோங்கில் புதிதாக வரும் ஆலைக்கு, இயந்திரத்தில் கை மாட்டாமல் வேலை செய்வது எப்படி என்று கார்ட்டூன் போடுகிறோம்.

பொங்கலன்று புதுப் படம் வருகிறது. கல்யாணப் பத்திரிகை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்மணி கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லார் மேலும் பன்னீர் தெளிக்கப்போவது நீங்கள்தான். வீட்டில் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என் பெண்டாட்டி என்னோடு பேசவில்லை.

சேதுபதி

குவீன்ஸ்டவுன்
16.1.1963

தம்பிக்கு,

பார்த்தேன். புதுப்பெண் ரெண்டு கையாலும் வாங்கினாள். அவள் மூக்கு கண்மணி மூக்கு, கவனிக்காமல் இல்லை. பின்னால் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. என் கால்தான் அவ்வளவு சாயாது, அதை மட்டும் திருத்து.

சிவகாமி கல்யாணத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனாலும் விடிகாலையிலேயே வந்துவிடுவேன். பன்னீர்ச் செம்பை யாரிடமும் கொடுத்துவிடாதே. உன் பெண்டாட்டியை வாசலுக்கு வரச்சொல். முதலில் அவள் மேல்தான் தெளிப்பேன்.

அக்கா
பூவம்மா