அக்கா, உன் வகுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள்

என் உயிர் அக்காவுக்கு,

உன்னில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

கம்பஸில் முதலாம் வருடக் கருத்தரங்கு வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நீ நடத்திய அதே வகுப்பு, அதே பிள்ளைகள். ஒவ்வொருவரும் தனக்குப் பட்டதைப் பத்து நிமிடம் பேசவேண்டும் என்று நீதானே வைத்தாய்? களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எழும்பி, பள்ளிக்கூடம் போன தன் தம்பியை ஆயுதத்தோடு வந்த துவக்குக்காரர் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னாள். அவளைச் சுதா என்றே இங்கே எழுதுகிறேன். உண்மைப் பெயர் உனக்குத் தெரியும். நீ நிறுத்தியிருக்கலாம். முழுக்கக் கேட்டாயாம்.

"ரெண்டு கிழமை லீவு போடு" என்று அன்றைக்கே சொன்னேன். சிரித்தாய். "வகுப்பில கதைச்சதுக்கு ஆரடி வரப்போறாங்கள்?"

வந்தார்கள். பத்தாம் நாள், பட்டப்பகலில், தன்னாமுனையில் உன் சைக்கிளை மறித்துச் சுட்டார்கள். வகுப்புக்குள் நடந்ததை வெளியே கொண்டுபோனது ஆர்? பிள்ளைகளில் ஒருவரா, படிப்பிக்கிறவர்களில் ஒருவரா?

துறைத்தலைவர் செத்தவீட்டுக்கு வந்து, அம்மாவின் கையைப் பிடித்து, "வாயை அடக்கியிருந்தா உயிரோட இருந்திருப்பா" என்றார். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார் அம்மா. நான் கொடுக்கவில்லை.

வகுப்பில் பேசவேண்டிய தலைப்புகளையும் அவரே எழுதித் தந்தார். நேர முகாமைத்துவம், நூலகப் பயன்பாடு, இப்படி ஒரு தாள் நிறைய. "இதுக்கு வெளியில ஒரு சொல்லும் வேணாம் புள்ள." ஓம், நான் வாங்கிக்கொண்டேன்.

முதல் வகுப்பில் ஓட்டமாவடியிலிருந்து வருகிற ஒருத்திக்கு நூலகத் தலைப்பு விழுந்தது. "மிஸ், நூலகத்தில சுதா இருக்கிற கதிரை வெறுமையாக் கிடக்கு. பயத்தில படிப்பை விட்டிட்டாள். அதைச் சொல்லாம வேற என்னத்தச் சொல்ற?"

"இரு" என்றேன். துறைத்தலைவரின் குரல் என் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அவள் பேச்சை விட்டுத் தன் கதிரையில் இருந்தாள். முழு வகுப்பும் என்னைப் பார்த்தது.

அடுத்த திங்கள் அந்தத் தாளைத் துறைத்தலைவரின் மேசையில் வைத்தேன். "இதை நீங்களே படிப்பியுங்க சேர்."

"உங்கட அக்காவும் இப்பிடித்தான் நிண்டவ."

"அவ நிண்டா. நீங்க எங்க நிண்டீங்க?"

பேனை மூடியைத் திறந்து திறந்து மூடினார். நான் வகுப்புக்கு நடந்தேன்.

அன்றைக்கு அந்த ஓட்டமாவடிப் பிள்ளை சுதாவைப் பற்றிப் பத்து நிமிடமும் பேசினாள். கடைசியில் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன், "சுதாவுக்கு நோட்ஸை ஆர் கொண்டுபோய்க் குடுக்கிற?" என்றான். மூன்று பேர் கை உயர்த்தினார்கள். உன்னைக் காட்டிக்கொடுத்த கை அதில் ஒன்றாகவும் இருக்கலாம். இந்த நினைப்போடுதான் அக்கா அவர்களுக்குப் படிப்பிக்கிறேன். நோட்ஸை வாங்கிக்கொண்டு நானே சுதா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

சுதா வாசலுக்கு வர நேரமெடுத்தாள். "மிஸ், உங்களுக்குப் பயமில்லையா?"

"பயம்தான்" என்றேன். அதற்குப் பிறகுதான் நோட்ஸ் கொப்பிகளைக் கை நீட்டி வாங்கினாள்.

உன்னைப்போலச் சிரித்துக்கொண்டு போக எனக்கு வராது. பயந்துகொண்டேதான் போவேன். ஆனால் வருடக் கடைசிப் பரீட்சைக்குச் சுதாவைக் கையில் பிடித்துக் கூட்டிவருவேன். கம்பஸ் கேற்றடியில் ஆர் நின்றாலும் சரி.

நீ சொல்வழி கேளாமல் தனியே விட்டுப்போன
உன் தங்கச்சி