ஐம்பத்திரண்டு வாக்குகளும் ஒரு சட்டி கடலையும்

அன்புள்ள மகள் தனுஷிகாவுக்கு,

பிரசல்ஸ் குளிரில் நீ சுகமாகவும் வேளைக்குச் சாப்பிட்டும் இருக்க நல்லூர்க் கந்தன் துணை. இங்கே ஸ்காபரோவில் நாங்கள் நல்ல சுகம். உன் சித்தியின் சுகம் மட்டும் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, காரணம் போன ஞாயிறு மல்வேர்ன் மண்டபத்தில் நடந்த எங்கள் ஊர்ச்சங்கத் தேர்தல். உரோமாபுரிக் காலம் தொட்டு உலகம் இப்படியொரு தேர்தலைக் கண்டதில்லை, அதற்குத் தேர்தல் அதிகாரி வேறு யார், உன் சித்தப்பாதான்.

பதினேழு வருடமாக இராஜரட்ணம் அண்ணையே தலைவர் என்பது உனக்குத் தெரியும். யாரோ அவர் பெயரைச் சொல்வார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள், அவர் வேண்டாம் வேண்டாம் என்றபடியே மாலைக்குக் கழுத்தை நீட்டுவார். இந்த முறை உன் சித்தி யோகமலர், "பதினேழு வருசம் குசினிக்குள்ள நிண்டு கூட்டம் கேட்டது காணும், நானும் தலைவர் பதவிக்குக் கேக்கிறன்" என்று அறிவித்துவிட்டாள். தோற்றால் அந்த மண்டபத்துப் படி மிதிப்பதில்லை என்று சபதம் வேறு. நாடே நடுங்கிய அந்த நாளில் நான் செய்தது என்ன தெரியுமா, வாக்குச்சீட்டு அச்சடிக்க மறந்துபோனேன். மறந்தேன் என்று சொன்னால் மானம் போய்விடும். நீ போன கடிதத்தில் எழுதிய சொற்கதைகள்தான் கைகொடுத்தன. ஒலிவாங்கியைப் பிடித்து முழங்கினேன், பலற் என்ற ஆங்கிலச் சொல்லே இத்தாலிக்காரரின் பலோட்டா, சின்னப் பந்து, கிரேக்கருக்கு வாக்கு என்றாலே ப்சிபோஸ், கூழாங்கல், பந்தும் கல்லும் போட்டுத்தான் அவர்கள் நாடாண்டார்கள், கடதாசி நேற்று வந்த கூத்து என்று. சபை அசந்துபோனது. ஆகவே அண்ணைக்கு வாக்கென்றால் ஒரு கச்சான், அதாவது நிலக்கடலை, சித்திக்கென்றால் அவள் தாளித்துக் கொண்டுவந்த கொண்டைக்கடலையில் ஒன்று, எடுத்துப் பானைக்குள் போடவேண்டும் என்று ஆணையிட்டேன்.

வாக்காளர் ஐம்பத்திரண்டு பேர். பானையைக் கவிழ்த்தால் பதினெட்டுக் கச்சான், மூன்றே மூன்று கடலை. கடலைச் சட்டியோ துடைத்துவைத்தது போல வெறுமை. பேர்ணடெற் அக்கா எழுந்து, "என்ர வாக்கை நான் சாப்பிட்டிட்டன் தம்பி, தேங்காய்ச்சொட்டு வேற போட்டுக்கிடந்தது, என்ன செய்ய" என்றார். இராஜரட்ணம் அண்ணை, "முடிவு முடிவுதானே, மாலையைக் கொண்டுவாங்கோ" என்றார். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் ஒன்ராறியோ ஏரி வற்றியிருக்கும். உயிர் தப்ப மறுபடி உன் கடிதத்துக்குள் ஓடினேன். ஜெர்மன்காரருக்கு வாக்கும் குரலும் ஒரே சொல், ஸ்ரிம்ம, பிரெஞ்சுக்காரரும் ரஷ்யரும் அப்படித்தான், எனவே எல்லோரும் எழுந்து வாயால் பெயரைச் சொல்லுங்கள் என்றேன்.

சொன்னார்கள். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. மிச்சம் போட்டியிட்ட இருவர்தான். சபை நடுவே தன் பெயரைத் தானே சொல்வது எங்கள் ஆட்களுக்குக் கலியாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்கு முதல் ஆளாய் ஓடுவது போல, மானக்கேடு. இராஜரட்ணம் அண்ணை சால்வையைச் சரிசெய்து, சக்கரவர்த்தி போல எழுந்து, "என்ர வாக்கு தங்கச்சி யோகமலருக்கு" என்றார். கைதட்டல் இடி போல விழுந்தது. சித்தி பதில் மரியாதையாக இராஜரட்ணம் என்று சொல்லுவாள், பிறகு சரிசமம், பிறகு வழக்கம்போல மாலை என்று புன்சிரிப்போடு உட்கார்ந்தார். சித்தி எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "யோகமலர்" என்றாள்.

அண்ணை மெல்ல, "பிள்ளை, பேர் மாறிப்போச்சோ?" என்றார். "இல்லை அண்ணை, நல்லாத் தெரிஞ்சுதான் சொன்னனான்" என்றாள் உன் சித்தி. இருபத்தேழுக்கு இருபத்தைந்து.

எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ்வாயாக. காதை மூடித் தொப்பி போடு. உன் கந்தோரில் புதுப் பிரிவுக்கு ஆளைத் தெரிவு செய்கிறார்களாமே, ஆர் பொருத்தம் என்று கேட்டால் பக்கத்து மேசைக்காரியின் பெயரைச் சொல்லிவிட்டு வராதே என்று தலைவி சொல்லச் சொன்னாள்.

உன் சித்தப்பா,
இரத்தினவேல்