தட்டில் உருண்ட பாக்கு

அப்பா, உங்கள் மகன் சிவசுப்பிரமணியன் எழுதுகிறேன். நாளை உங்கள் பேத்தி, என் மகள் கௌரிக்கு நிச்சயதார்த்தம். உங்கள் நோயைப் பற்றி வீட்டார் என்னைச் சொல்லச் சொல்லும் பொய்யை நான் சொல்லப்போவதில்லை என்று தெரிவிக்கவே இம்மடல்.

புளியிட்டுத் துலக்கிய தாம்பூலத் தட்டு எதிரே இருக்கிறது. சாரல் நாளில் ஈரம் இன்னும் காயவில்லை. கௌரியின் அக்கா நிச்சயத்தில் இதே தட்டை நீட்டியபோது உங்கள் வலக்கை நடுங்கி, கொட்டைப்பாக்குகள் உருண்டன. சம்பந்தியின் முகம் மாறிற்று. “பாக்குக்கே குளிருது பாத்தியளா அண்ணாச்சி, சட்டுன்னு வாங்கிக்கிடுங்க” என்றீர்கள். சபை சிரித்தது. அன்றுமுதல் நம் வீட்டு விசேஷங்களில் சித்தப்பா பாக்கைக் காகிதத்தில் பொட்டலம் கட்டித்தான் தட்டில் வைக்கிறார்.

இன்று காலையும் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: “ஏலே, கேட்டாங்கன்னா, அண்ணன் ஐந்தருவியில வழுக்கி விழுந்து நரம்பு அடிபட்டுட்டுன்னு சொல்லிரு. பார்க்கின்சன்னு வாயத் தொறந்தா, வம்சத்துல ஓடுதுன்னு எந்திச்சுப் போயிருவாங்க.”

“ஓடலையே சித்தப்பா.”

“நீ சட்டம் பேசிக்கிட்டே இரு. பொம்பளப் புள்ள கல்யாணமாவாம வீட்டுல கெடக்கட்டும்.”

சட்டமல்ல அப்பா, உங்கள் மருத்துவர் விளக்கியதுதான். நடுக்கம் தொடங்கியபோது நீங்கள் எழுபதைத் தாண்டியிருந்தீர்கள். உங்கள் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அது இல்லை. பெரும்பாலோருக்கு இப்படித்தான் வருகிறது: ஒரே காரணத்தைச் சுட்ட முடியாமல், முதுமையும் வாழ்ந்த சூழலும் உடல்வாகும் சேர்ந்து. ஒற்றை மரபணு மாற்றத்தால் குடும்பவழி இறங்குவது சிறுபான்மை. அது பலருக்கு ஐம்பதுக்கு முன்பே தலைகாட்டும். உறவில் இன்னும் சிலருக்கும் இருக்கும். அம்மாற்றத்தைச் சுமப்பவர்களிலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நடுங்கும் கையை மட்டும் பார்த்து எந்த வகை என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் நம் உறவினர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

கௌரிக்கு ஒருபோதும் வராது என்று நான் உறுதி தரமாட்டேன். நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பதையும் மறைக்கமாட்டேன். ஆனால் வராது என்ற உறுதி மாப்பிள்ளை வீட்டாரிடமும் இல்லை, எவரிடமும் இல்லை.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கௌரி, “இருந்த வரைக்கும் ஒருநாளும் அருவியில வழுக்காத தாத்தாவ, செத்த பெறவு வழுக்க விடணுமாப்பா?” என்றாள். சித்தப்பா பொட்டலத்துக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

“நடுங்குதது கைதாம்லே, நான் இல்ல” என்பீர்கள். அக்குரலோடுதான் சபையில் எழுந்து நிற்பேன். தட்டைத் தொடுமுன் உங்கள் நோயின் பெயரைச் சொல்வேன், கேட்பவர்க்கு விளக்குவேன். எழுந்து போகிறவர்களுக்கு, அவர்கள் வந்த புளியறைச் சாலை திறந்தே இருக்கிறது. இருப்பவர்களுக்குத் தாம்பூலம் கொடுப்பேன். பொட்டலத்தை இப்போதே பிரிக்கிறேன். நாளை பாக்கு உதிரியாகவே தட்டில் இருக்கும், உருண்டால் உருளட்டும்.