தங்கைக்கு எழுதிய டயட் சார்ட்

மார்ச் 3, செவ்வாய்

இன்று என் ஓ.பி.யில் பதினான்காவது ஆள் வாலு. முப்பத்தொரு வயதாகியும் என் தங்கைக்கு வீட்டில் அதுதான் பெயர். ஆறரை மாத வயிற்றோடு வந்து உட்கார்ந்ததும், நோயாளிகளுக்குக் காட்ட மேசையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஆப்பிளை எடுத்துக் கடிப்பதுபோல் பாவனை செய்தாள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருக்கிறது. இன்சுலின் ஊசிக்கு முன் சாப்பாட்டிலேயே கட்டுப்படுத்திப் பார்க்கலாம் என்று லேடி டாக்டர் என்னிடம் அனுப்பியிருக்கிறார்.

"டயட்டீஷியன் அக்கா இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

அம்மாவும் வந்திருந்தாள். வாலு உட்காரும்போது அவள் முதுகுக்குத் தன் கைப்பையை அண்டக் கொடுத்தாள். குழந்தைக்காக ஊசி போட்டுப் போட்டு என் வயிறு கன்றிக் கிடந்த நான்கு வருடமும் அந்தக் கைப்பை எங்கே போயிருந்தது?

சார்ட் எழுதிக் கொடுத்தேன். கறாராகத்தான் எழுதினேன்.

மார்ச் 6, வெள்ளி

வாலு நான்கு வேளையும் விரலில் குத்திப் பார்த்து அளவுகளை அனுப்பினாள். எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்கு ஏன் ஏமாற்றமாக இருக்கிறது?

மார்ச் 12, வியாழன்

"சாயங்காலம் ரொம்பப் பசிக்குதுக்கா. ஒரே ஒரு பழம் சாப்பிடட்டா?"

வேண்டாம் என்றேன். படுக்கும்முன் குடிக்கும் பாலையும் சார்ட்டிலிருந்து அடித்தேன். தாயின் உடம்பில் சர்க்கரையும் அழற்சியும் ஏறினால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் பருமன் வரலாம், சர்க்கரை வரலாம் என்று விளக்கினேன். பொய்யில்லை. ஆனால் மற்றவர்களிடம் இதைச் சொன்ன கையோடு, "பயப்படாதீங்க, வயிறார சாப்பிடலாம், எதைச் சாப்பிடறோம்னுதான் பாக்கணும்" என்பேன். இவளிடம் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அவள் முகம் தொங்கிப் போயிற்று. பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. எழுதிவிட்டேன், இதை அடிக்கப் போவதில்லை.

"உன் தங்கச்சி இளைச்சுட்டாளே" என்றார் என் கணவர், வழியில் அவளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும்.

"சர்க்கரை கட்டுப்பாட்டுல இருக்கு."

அவர் கேட்டது அதை இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. சிறுநீரில் கீட்டோன். போதிய சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரித்தால் வருவது. மாணவிகளுக்கு நான் நடத்தும் முதல் பாடம்!

டாக்டர் போனில் கூப்பிட்டார். "இது நீங்க எழுதின சார்ட்டா? வேற யாரோடதாவது மாறிப் போச்சா?"

மாறிப் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். பதினோரு வருட நல்ல பெயர். "நான் எழுதினதுதான் டாக்டர்" என்றேன். ஸ்கேனில் இதுவரை குழந்தைக்குக் குறையில்லை, இன்றே மாற்றி எழுதுங்கள் என்று வைத்துவிட்டார்.

உட்கார்ந்து கூட்டினேன். ஆயிரத்து இருநூறு கலோரி. எந்தக் கர்ப்பிணிக்கும் இவ்வளவு குறைத்து எழுதியதில்லை. கை தவறவில்லை. ரொட்டியில் ஒரு துண்டு, பருப்பில் ஒரு கரண்டி, பழம், பால் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தேதான் பிடுங்கியிருக்கிறேன்.

குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா — ஐயோ, நானெல்லாம் என்ன பொம்பள?

மார்ச் 25, புதன்

சொல்லிவிட்டேன். அவள் வீட்டுச் சமையலறையில், நின்றபடியே.

"பசிச்சுதுக்கா. ராத்திரியெல்லாம் தண்ணி குடிச்சுட்டுப் படுத்தேன். நீ எழுதினதாச்சேன்னு இருந்தேன்."

"எனக்குப் பொறாமைடி. உன் வயித்தைப் பாத்தா தாங்கல."

அவள் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

"இனிமே நான் வேற யார்கிட்டயாவது எழுதி வாங்கிக்கறேன்."

ஏப்ரல் 9, வியாழன்

பக்கத்து அறை ஜூனியரிடம் போகிறாள். ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கீட்டோன் இல்லை, எடை ஏறியிருக்கிறது, சர்க்கரை அளவோடு. சாயங்காலம் ஒரு பழம் எழுதியிருக்கிறாள் அந்தப் பெண். வாலு அந்த அறையில் சிரிப்பது சுவரைத் தாண்டிக் கேட்டது. இப்போது அந்த ஜூனியர்மீதும் பொறாமை! எனக்கு விமோசனமே கிடையாது.

ஜூன் 5, வெள்ளி

பெண் குழந்தை. மூன்று கிலோ. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்களாம், சரியாக இருக்கிறது. அம்மா போனில் சொன்னாள். "ஏன் உன் குரல் இப்படி இருக்கு?" என்றாள். நடந்ததை வாலு அவளிடம் சொல்லவே இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

போகாமல் இருக்க முடியவில்லை. வார்டில் அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் கதவருகிலேயே நின்றேன்.

"இது போதுமா, பாத்துச் சொல்லு."

தட்டைப் பார்த்தேன். "பத்தாது. பால் குடுக்கறவ. இன்னொரு முட்டை வாங்கிக்கோ."

"அப்ப இவளைப் பிடி. நான் நிம்மதியா சாப்பிடணும்."

கொடுத்துவிட்டாள். என்ன சூடு அந்த உடம்பு! பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. நெஞ்சில் அப்படியே இருந்தது, அதன்மேல் குழந்தையும் கிடந்தது.

வாலு இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. நான் குழந்தையோடு நின்றுகொண்டே இருந்தேன்.